மூட்டை அடுக்கியவருக்கு ஒரு விக்டோரியா கிராஸ்: தென்னாப்பிரிக்கப் பயணக் குறிப்புகள்

திங்கள், டர்பன்

போர்க்களச் சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் தளபதிகளைத் தேடி வருகிறார்கள். நான் தேடி வந்திருப்பது ஒரு ரேஷன் அதிகாரியை. பெயர் ஜேம்ஸ் லாங்லி டால்டன். பிரிட்டிஷ் ராணுவத்தின் கமிசேரியட் துறையில் தற்காலிக உதவி கமிசரி. தமிழில் சொன்னால் கிடங்குக்காரர். சிப்பாய்க்குச் சோறும் மாட்டுக்குத் தீவனமும் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர். பிரிட்டிஷாருக்கும் ஸூலு அரசுக்கும் மூண்ட போரில், 1879 ஜனவரி 22 இரவு நடந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டைக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியவர்.

நானும் இந்திய ராணுவத்தின் ஆர்மி சர்வீஸ் கோரில் காலம் தள்ளியவன். மாவு மூட்டைக்கும் டின் பாலுக்கும் கையெழுத்துப் போட்டே தலை நரைத்தது. ஆகவே என் பாசம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார் ஓட்ட வந்திருக்கும் இளைஞன் டர்பன் தமிழன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலுக்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கென்று அடுத்தடுத்து வந்த கப்பல்களில் ஏதோ ஒன்றில் அவனுடைய முன்னோர்கள் இறங்கியிருக்கிறார்கள். தமிழ் பேச வராது. தைப்பூசக் காவடி மட்டும் தவறாமல் எடுப்பானாம். என்னை 'அங்கிள்' என்கிறான். இந்த ஊரில் மூத்தவர்களுக்கு அதுதான் மரியாதை.

"எல்லாரும் ஸூலு வீரர்களைப் பார்க்க வருவார்கள். நீங்கள் என்ன அங்கிள், பிஸ்கட் பெட்டியைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். புதன்கிழமை சொல்கிறேன் என்றேன்.

செவ்வாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக டண்டீ

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் எண்பது கிலோமீட்டர்தான். நல்ல சாலை. 1879-இல் ரயில்கூட இந்த ஊரை எட்டவில்லை. 1880 டிசம்பரில்தான் வந்தது. ஜெனரல் செம்ஸ்ஃபோர்ட் ஸூலு நாட்டுக்குள் நுழையத் திட்டம் போட்டபோது, கப்பலில் வந்து இறங்கிய சரக்கில் பெரும்பகுதி மாட்டு வண்டியில்தான் மலையேறியது. ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள், பத்தாயிரம் மாடுகள். ஒரு வண்டிக்கு எட்டு ஜோடிக்குக் குறையாமல் பூட்டுவார்கள். மாடு எட்டு மணி நேரம் நடந்தால் எட்டு மணி நேரம் மேய வேண்டும், எட்டு மணி நேரம் படுக்க வேண்டும். தளபதி அவசரப்பட்டாலும் மாடு அவசரப்படாது. மழைக்காலத்துச் சேற்றில் ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் போனாலே பெரிய காரியம். அந்தப் படையெடுப்பின் வேகத்தை முடிவு செய்தவை இந்த மாடுகள்தான்.

ரயில் நிலையத்தில் சிறிது நேரம் நின்றோம். 1893-இல் காந்தி இறக்கிவிடப்பட்ட நடைமேடை. அதைப் பற்றி எழுதாத தமிழ்ப் பயணக் கட்டுரை இல்லை என்பதால் நான் எழுதவில்லை.

பார்க்க நினைத்தது ஃபோர்ட் நேப்பியர். 1880 ஜனவரி 16 அன்று அங்கே நடந்த அணிவகுப்பில்தான் மேஜர் ஜெனரல் ஹியூ கிளிஃபர்ட் டால்டனின் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். கிளிஃபர்டும் கிரிமியப் போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். கோட்டை இருந்த வளாகத்தில் இப்போது மனநல மருத்துவமனை. வாசலோடு திரும்பினோம்.

இந்த ஊரில் நடந்ததாக ஓர் அதிகாரி எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. போர் முடிந்து, ரோர்க்ஸ் டிரிஃப்டைக் காத்த 24-ஆம் ரெஜிமென்ட்டின் பி கம்பெனி இந்தத் தெருக்கள் வழியே போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் நின்று ஆரவாரம் செய்துகொண்டிருந்த டால்டனை ஒரு சிப்பாய் பார்த்துவிட்டான். உடனே கம்பெனி முழுவதும் அவரை நோக்கித் திருப்பி ஆரவாரம் செய்ததாம். ரேஷன்காரரைப் பார்த்துச் சிப்பாய்கள் கை தட்டுவது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. எடை குறைகிறது, இறைச்சி எலும்பாக இருக்கிறது, ரொட்டியில் புழு இருக்கிறது என்றுதான் எங்களைத் தேடி வருவார்கள். என் அனுபவத்தில், இந்த ஆரவாரம் பதக்கத்தை விடவும் கிடைப்பதற்கரியது.

கிரேடவுன், பொமரோய் தாண்டி ஹெல்ப்மெக்கார் மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். படையெடுப்புக்கு முன்னால் சரக்கு வந்து குவிந்த இடம். இப்போது சில கட்டடங்களும் புல்லும் காற்றும்தான். சண்டையன்று மதியம், ரோர்க்ஸ் டிரிஃப்டின் பொறுப்பு அதிகாரி மேஜர் ஸ்பால்டிங், வர வேண்டிய ஒரு கம்பெனி ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கக் குதிரையேறி இங்கேதான் வந்தார். பொறுப்பு லெப்டினன்ட் சார்டின் தலையில் விழுந்தது. ஸ்பால்டிங் திரும்பி வருவதற்குள் வரலாறு முடிந்துவிட்டது.

இரவு டண்டீயில் தங்கல். நிலக்கரி ஊர். ஆகஸ்ட் குளிர் எலும்பில் ஏறுகிறது.

புதன், ரோர்க்ஸ் டிரிஃப்ட்

டண்டீயிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடைசிப் பகுதி சரளைச் சாலை.

இடம் சின்னது. அதுதான் முதலில் தோன்றுகிறது. எருமை ஆற்றின் துறை ஒரு பக்கம். பின்னால் ஷியானே குன்று. நடுவில் இரண்டு கட்டடங்கள். ஜேம்ஸ் ரோர்க் என்ற வியாபாரி கட்டிய வீடும் பண்டகசாலையும் அவர் இறந்தபின் ஸ்வீடன் பாதிரியார் ஓட்டோ விட்டின் கைக்கு வந்தன. ராணுவம் வந்ததும் வீடு மருத்துவமனை ஆயிற்று, பண்டகசாலை கமிசேரியட் கிடங்கு ஆயிற்று. பழைய கட்டடங்கள் இல்லை. மருத்துவமனை இருந்த இடத்தில் அருங்காட்சியகம், கிடங்கு இருந்த இடத்தில் தேவாலயம். இரண்டுக்கும் நடுவே, மூட்டைச் சுவரும் பெட்டிச் சுவரும் ஓடிய தடத்தில் தரையில் கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அந்த வரிசையை ஒட்டி நடந்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகாது.

அன்று மதியம் மூன்றேகால் மணி அளவில் செய்தி வந்தது: இசண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் முகாம் அழிந்துவிட்டது, ஸூலு படை இந்தப் பக்கம் வருகிறது. மருத்துவமனையில் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள். வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹெல்ப்மெக்காருக்கு ஓடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. கூடாது என்று சொன்னவர் டால்டன். நோயாளிகளை ஏற்றிய மாட்டு வண்டி எத்தனை வேகம் போகும் என்பது அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. திறந்த வெளியில் மாட்டிக்கொண்டால் அரைமணிக்குள் கதை முடிந்துவிடும். இங்கேயே நிற்போம், கையில் இருப்பதை வைத்து வேலி கட்டுவோம் என்றார்.

கையில் இருந்தது கிடங்கு இருப்பு. மக்காச்சோள மூட்டைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 கிலோ. பிஸ்கட் நிரம்பிய மரப்பெட்டிகள், ஒவ்வொன்றும் 50 கிலோ அளவில். டால்டன் இளமையில் 85-ஆம் காலாட்படையில் சேர்ந்து, 1862-இல் கமிசேரியட் படைப்பிரிவுக்கு மாறியவர். இருபத்திரண்டு வருடச் சேவை முடித்து, முதல்தர ஸ்டாஃப் சார்ஜென்டாக 1871-இல் ஓய்வு பெற்றவர். பிறகு தென்னாப்பிரிக்கா வந்து, எல்லைப் போர் மூண்டபோது மறுபடி தற்காலிக வேலைக்குப் பெயர் கொடுத்தார். வயது நாற்பத்தைந்தை ஒட்டி. இளம் லெப்டினன்டுகளுக்கு நடுவே அவர்தான் பழைய கை.

மூட்டைச் சுவர் என்றால் குவியல் இல்லை. எங்கள் கிடங்குகளில் அட்டி போடுவது ஒரு தனி வித்தை. முதல் வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்கில். தையல் வாய் உட்பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூட்டை வாய் பிரிந்தால் அட்டியே சரியும். ஒவ்வொரு மூட்டையும் மேலே விழுந்தவுடன் காலால் மிதித்து அமுக்க வேண்டும். நெஞ்சளவு உயரத்துக்கு, அதுவும் சரிவான தரையில், ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டு கட்டடத்தையும் இணைத்து அட்டி போட்டிருக்கிறார்கள். பின்பக்கச் சுவரில் இரண்டு வண்டிகளையே குறுக்கே நிறுத்தி அடைத்தார்கள். முன்பக்கம் இயற்கையாக இருந்த பாறை விளிம்பின் மேல் மூட்டை ஏறியதால், வெளியே இருப்பவனுக்குச் சுவர் இரட்டை உயரம். அந்த விளிம்பு இப்போதும் தெரிகிறது. கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். ஏறுவது எனக்கு ஆகாது.

தூக்கியவர்கள் யார் என்பதை வழிகாட்டிகள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நேட்டால் சுதேசிப் படையைச் சேர்ந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சில நூறு பேர் அங்கே இருந்தார்கள். மூட்டைகளில் பெரும் பங்கு அவர்கள் முதுகில்தான் போயிருக்கும். துப்பாக்கி சிலருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். சண்டை தொடங்கும் சமயத்தில் அவர்கள் ஓடிவிட்டார்கள். அவர்களுடைய வெள்ளைக்கார கேப்டனும் கூடவே ஓடினார். ஓடியது மட்டும் புத்தகங்களில் நின்றுவிட்டது. அவர்கள் தூக்கிய மூட்டைகளும் அங்கேயேதான் நின்றன.

ஆள் குறைந்ததும் சுற்றுச்சுவர் நீளம் அதிகமாகிவிட்டது. சார்ட் உடனே பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி நடுவில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பச் செய்தார். மருத்துவமனை தீப்பிடித்தபோது எல்லாரும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்துதான் பிழைத்தார்கள். பிறகு, இருட்டில், உதவி கமிசரி வால்டர் டன் மிச்சமிருந்த சோள மூட்டைகளை வைத்துக் கடைசி அரணாக ஓர் உயரமான வட்டம் கட்டினார். நெட்டையான மனிதர். மூட்டைக் குவியலின் உச்சியில் நின்று வேலை வாங்கினார், நாலா பக்கமும் குண்டு பறந்துகொண்டிருக்க. டன்னைப் பற்றி நாளை மறுநாள் பேச வேண்டியிருக்கிறது.

உள்ளே இருந்தவர்கள் 150 பேர் அளவில். வெளியே இளவரசர் டபுலமன்சியின் கீழ் மூவாயிரம் முதல் நாலாயிரம் பேர். மாலை நாலரைக்குத் தொடங்கி விடியும்வரை. டால்டன் மருத்துவமனை மூலையில் நின்று சுட்டார். மருத்துவப் பிரிவு ஆள் ஒருவனின் துப்பாக்கி முனையைப் பிடித்துக்கொண்டு ஈட்டியை ஓங்கிய ஸூலு வீரரைச் சுட்டு அவனைக் காப்பாற்றினார். பிறகு அவருடைய தோளில் குண்டு பாய்ந்தது. துப்பாக்கியை அமைதியாகச் சார்டிடம் நீட்டினாராம். அவர் அடிபட்டிருக்கிறார் என்பதே சார்டுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கட்டுப் போட்டபின்னும் அவர் வாய் ஓயவில்லை, ஆட்களை உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

சிறிய கல்லறைத் தோட்டத்தில் இறந்த பதினேழு பேருக்கு நினைவுத்தூண். அதில் லூயி பைர்ன் என்ற பெயர் இருக்கிறது. தற்காலிகக் கிடங்குக் காப்பாளர், சிவிலியன். அடிபட்டுக் கிடந்த கார்ப்பொரலுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது சுடப்பட்டார். இறந்தவர்களுக்கு விக்டோரியா கிராஸ் தரும் வழக்கம் அப்போது இல்லை.

ஸூலு பக்கத்தில் 351 உடல்களை எண்ணிப் புதைத்தார்கள். காயத்தோடு போய் இறந்தவர்களும், விடிந்தபின் காயத்தோடு கிடந்த நிலையிலேயே கொல்லப்பட்டவர்களும் உண்டு. வெற்றிக் கதையில் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. 2005-இல் அவர்களுக்கும் ஒரு நினைவுச்சின்னம் வந்தது: கேடயக் குவியலின் மேல் படுத்திருக்கும் வெண்கலச் சிறுத்தை.

திரும்பும்போது டிரைவர் தம்பி, "பிஸ்கட் பெட்டி விஷயம் புரிந்தது அங்கிள். ஆனால் அந்த ஸூலு ஆட்கள் ஏன் காலையில் விட்டுவிட்டுப் போனார்கள்?" என்றான். நல்ல கேள்வி. என் தொழில் சார்ந்த பதில் ஒன்று உண்டு. ஸூலு படைக்குச் சாப்பாடும் பாயும் சுமந்து வருவது உடிபி எனப்படும் சிறுவர்கள். ஓரிரு நாள் நடைக்கு அது போதும். இந்த ரெஜிமென்ட்டுகள் அன்று காலை முதல் ஓடிக்கொண்டே இருந்தன, ஆற்றைக் கடந்தன, சரியாகச் சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது. அந்த வயிற்றோடு விடிய விடிய மோதியது, சாப்பாட்டாலேயே கட்டிய சுவரின் மேல்.

வியாழன், இசண்ட்ல்வானா

படுத்த சிங்கம் போன்ற அந்தக் குன்று ரொம்ப தூரத்திலிருந்தே தெரிகிறது. அடிவாரமெங்கும் வெள்ளையடித்த கற்குவியல்கள். ஒவ்வொன்றின் கீழும் புதைக்கப்பட்டவர்கள். பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் ஆப்பிரிக்கர்களும் நிறைய.

இந்தத் தோல்விக்குப் பழி போடப்பட்டதும் ஒரு பண்டகக்காரரின் மேல். சிப்பாய்களின் மார்டினி ஹென்றி துப்பாக்கிக்கான தோட்டாப் பெட்டி ஒன்றில் 600 தோட்டா. 24-ஆம் ரெஜிமென்ட்டின் குவார்ட்டர்மாஸ்டர் புளூம்ஃபீல்ட், இது எங்கள் பட்டாலியன் தோட்டா, எடுக்காதே என்று தடுத்தார் என்று அங்கிருந்து தப்பிய ஒரு லெப்டினன்ட் எழுதினார். பெட்டியைத் திறக்க முடியவில்லை, கையெழுத்து இல்லாமல் கொடுக்கவில்லை, அதனால் முகாம் விழுந்தது என்று கதை வளர்ந்துவிட்டது. அந்தப் பெட்டி மூடியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகாணி. துப்பாக்கிக் கட்டையால் ஓங்கித் தட்டினால் திறந்துவிடும். இருபதாயிரம் பேருக்கு எதிரே மிக நீளமாக விரிந்து நின்ற வரிசை என்பதே போதுமான காரணம் என்று இப்போதைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். புளூம்ஃபீல்ட் அன்றே செத்துப்போனார், பதில் சொல்ல வரவில்லை. செத்த கிடங்குக்காரரின் தலையில் கணக்கை எழுதுவது எல்லா ராணுவத்துக்கும் சௌகரியம்.

வேடிக்கை என்னவென்றால், அதை எழுதிய ஹோரஸ் ஸ்மித்-டோரியனும் அன்று போக்குவரத்து அதிகாரி, அதாவது வண்டி மாடு பார்த்தவர். முதல் உலகப் போரில், 1914-இல் பிரான்சின் லே காட்டோவில் படை நடத்திய ஜெனரல் அவரேதான்.

ஸூலு நினைவுச்சின்னம் இங்கே வெகு நேரம் நிற்க வைத்தது. வெண்கலத்தில் வார்த்த மாபெரும் கழுத்து மாலை. இசிக்கு என்று பெயர். வீரம் காட்டியவனுக்கு மன்னர் அனுமதியோடு கிடைப்பது. ஒன்றோடொன்று கொக்கி போலப் பொருந்தும் மரமணிகளைக் கோத்தது. சாரணர் பயிற்சியாளர்கள் கழுத்தில் போடும் மரமணி இந்த மரபிலிருந்து வந்தது என்பார்கள். பதக்கம் என்பது ஐரோப்பியச் சரக்கு மட்டும் இல்லை. முந்தின நாள் பார்த்த சண்டைக்கே காரணம் இதில் பாதி இருக்கிறது. ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குப் போன ரெஜிமென்ட்டுகள் இங்கே பின்னணிப் படையாக நின்றவை. நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள் பலர். மற்றவர்கள் வெற்றி பெற்றுவிட்டார்கள், நாம் சும்மா வீட்டுக்குப் போவதா என்ற ரோஷத்தில், நேட்டாலுக்குள் போகாதே என்ற மன்னர் செட்ஷ்வாயோவின் சொல்லையும் மீறி ஆற்றைக் கடந்தார்கள்.

வெள்ளி, டர்பனுக்குத் திரும்பும் வழி

நாள் முழுதும் சாலை. டன் விஷயத்தை இங்கே முடித்துவிடுகிறேன்.

ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு மொத்தம் பதினோரு விக்டோரியா கிராஸ். முதல் எட்டு 1879 மே மாதமே அறிவிக்கப்பட்டன: சார்ட், பி கம்பெனியின் லெப்டினன்ட் புரோம்ஹெட், ஆறு சிப்பாய்கள். ஜூனில் டாக்டர் ரெனால்ட்ஸ். கமிசேரியட்காரர்கள் பட்டியலில் இல்லை. துறை விடாமல் எழுதியது. கடைசியில் தலைமைத் தளபதி கேம்பிரிட்ஜ் பிரபு, விக்டோரியா கிராஸைத் தாராளமாக வழங்கிக்கொண்டிருக்கிறோம் என்று முணுமுணுத்துவிட்டு, டால்டனுக்கு மற்றவர்களைப் போலவே தகுதி உண்டு, டன்னுக்கு இல்லை என்று முடித்தார். நவம்பரில் டால்டன் பெயர் அரசிதழில் வந்தது. இந்தப் பதக்கங்களே பிடிக்காதவர் ஜெனரல் வோல்ஸ்லி. தப்பி ஓட வழியில்லாமல் உயிருக்குப் போராடியவர்களை வீரர்கள் ஆக்குவதா என்று நாட்குறிப்பில் பொருமியிருக்கிறார். இத்தனைக்கும் 1870-இல் கனடாவின் சிவப்பாற்றுப் படையெடுப்பில் டால்டன் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார்.

டால்டனுக்கான அறிவிப்பை ஊன்றிப் படித்தால் எனக்கு ஒரு குறை. பாதுகாப்பு வேலையை மேற்பார்வை செய்தார் என்று ஒரு வரி, அந்தக் காப்புக்குப் பெரிதும் காரணம் அவருடைய ஊக்கமே என்று இன்னொரு வரி. மற்றதெல்லாம் துப்பாக்கி. எத்தனை துல்லியமாகச் சுட்டார், யாரைச் சுட்டு யாரைக் காப்பாற்றினார். அன்று அவர் சுடாமலே இருந்திருந்தால்கூட, ஓடாதே என்ற அந்த ஒரு முடிவுக்கும் அந்த அட்டிக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. டன் நிறைய அடுக்கினார், அடுக்கியதற்குப் பதக்கம் இல்லை என்று ஆயிற்று. பின்னாளில் அவர் கர்னல் வரை உயர்ந்தார் என்பது வேறு விஷயம். கிடங்குப் பிரிவின் நால்வரில் கார்ப்பொரல் அட்வுட்டுக்கு டி.சி.எம். எனும் சிப்பாய்களுக்கான வீரப்பதக்கம், டால்டனுக்கு விக்டோரியா கிராஸ், பைர்னுக்குக் கல்லறை, டன்னுக்கு வெறும் கை.

சனி, கெபேஹா

பழைய பெயர் போர்ட் எலிசபெத். 2021-இல் பெயர் மாற்றினார்கள். புதுப் பெயரின் முதல் எழுத்தை நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டும், எனக்கு வரவில்லை. காற்று ஊர் என்று சொன்னது உண்மைதான், தொப்பி நிற்கவில்லை.

சண்டைக்குப் பிறகு டால்டனுக்கு நிரந்தர அதிகாரிப் பதவி கொடுத்து, அரைச் சம்பளத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே மனம் ஒட்டவில்லை போலிருக்கிறது. மறுபடி தென்னாப்பிரிக்கா வந்து பார்பர்டன் பக்கம் தங்கச் சுரங்கத்தில் பங்கு போட்டார். 1886 முடிவில் இந்த ஊருக்கு வந்து, பழைய ராணுவ நண்பர் நடத்திய கிராஸ்வெனர் ஓட்டலில் தங்கினார். 1887 ஜனவரி 7 அன்று அங்கேயே திடீரென்று இறந்தார். ரோர்க்ஸ் டிரிஃப்டின் எட்டாம் ஆண்டு நிறைவுக்கு இரண்டு வாரம் பாக்கி.

ரஸ்ஸல் ரோடு மேட்டில் கத்தோலிக்கக் கல்லறை. காவலாளியிடம் பெயரைச் சொன்னவுடன் தலையசைத்துக் கூட்டிப்போனார். விக்டோரியா கிராஸ்காரரைக் கேட்டு அவ்வப்போது ஆட்கள் வருகிறார்களாம்.

அவர் வாங்கிய பதக்கங்கள் மூன்று. கருஞ்சிவப்பு நாடாவில் வெண்கல விக்டோரியா கிராஸ். 1877-8-9 என்ற பட்டையோடு தென்னாப்பிரிக்கப் போர்ப் பதக்கம். வெள்ளி, பின்பக்கம் புதருக்கு முன்னால் தலை தாழ்த்திய சிங்கம், கீழே ஸூலு கேடயமும் ஈட்டிகளும். மூன்றாவது நீண்டகாலச் சேவை, நன்னடத்தைப் பதக்கம். என் கணக்கில் கிடங்குக்காரருக்குக் கடினமானது அந்த மூன்றாவதுதான்: இருபத்திரண்டு வருடம் இருப்பில் குறை வராமல் தாக்குப்பிடித்ததற்கு அத்தாட்சி. நாலாவதும் வந்திருக்க வேண்டும். கனடாப் படையெடுப்புக்கான பதக்கத்தை 1899-இல்தான் அறிவித்தார்கள், அதுவும் உயிரோடு இருப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. டால்டன் பன்னிரண்டு வருடம் முந்திவிட்டார். விக்டோரியா கிராஸ் பிற்காலத்தில் ஏலத்துக்கு வந்து, அவருடைய துறையின் வாரிசுப் படைப்பிரிவே வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தில் வின்செஸ்டர் அருகே ராணுவத் தளவாடப் படையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாலை ஓட்டலிலிருந்து, என்னோடு ஒரே கிடங்கில் வேலை பார்த்த நண்பருக்கு போன் செய்து கதையெல்லாம் சொன்னேன். சண்டைக்குப் பிறகு மழையில் அந்த மூட்டைகள் பிரிந்து, சோளமும் பிஸ்கட்டும் அழுகி, அந்த நாற்றத்திலேயே காவல் இருந்த சிப்பாய்கள் பலர் காய்ச்சலில் விழுந்ததையும் சொன்னேன். சார்டும் படுத்துவிட்டார்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஸூலு படையைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"அது சரிதானய்யா, அத்தனை மூட்டையையும் யார் பெயரில் நட்டம் எழுதினார்கள்?" என்றார்.